இரண்டு குளிசையும் அரைக் குழல் பிட்டும்

உங்கள் கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் காலை உணவுப் படத்தை மூன்று தரம் வாசித்தேன். என் பிரஷர் குளிசைக்காக வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றேன். வேறு வேலை இருக்கவில்லை. சாப்பிட வேண்டியவை ஒன்பது, விலக்க வேண்டியவை பதினான்கு. எண்ணிப் பார்த்தேன், பிழை ஒன்றும் இல்லை. குரக்கன், பயறு, கௌபி, தவிடு நீக்காத சிவப்பரிசி மா, கீரை, மீன் எல்லாம் சரி. வெள்ளைப் பாண், சீனிப் பணிஸ், சீனி போட்ட தேத்தண்ணி கூடாது என்பதும் சரி. ஆனால் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. நீரிழிவுக் குளிசை எடுக்கும் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்து நாளைக்கே தன் காலைச் சாப்பாட்டை மாற்றினால், அவருடைய குளிசையை யார் மாற்றுவது? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எனக்குப் படபடப்பு அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். ஒரு மனிதர் அந்த ஒரு வரி இல்லாததால் உயிர் போய் மௌத்தாகப் பார்த்தார். சொல்லாமல் விட்டவன் நான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். கரையோரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி, பெயர் தேவையில்லை. நான் மருந்து கொடுப்பவன்; ஊரார் வாயில் டிஸ்பென்சர். வயது முப்பத்திநான்கு. செவ்வாய்க்கிழமை நீரிழிவு கிளினிக்குக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். டொக்டர் ஒருவர்தான், யாழ்ப்பாணத்தவர். ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

"சாப்பாட்டுக் கதையை நீங்கள் பாருங்கோ. எனக்கு நேரமில்லை," என்று ஒருநாள் சொன்னார்.

நான் பார்த்தேன். ஒரு கொப்பி போட்டேன். ஒவ்வொருவரும் காலையில் என்ன சாப்பிடுகிறார், எத்தனை, எவ்வளவு என்று எழுதினேன். கிளினிக் தொடங்குமுன் நோயாளிகள் உட்காரும் வாங்குகளுக்கு முன்னால் நின்று பேசுவேன். முடிவில் எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைப்பேன்: "சீனி நஞ்சு." இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைப்போல அறுபது பேரும் சொல்வார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அந்த அறுபது பேரில் ஒருவர், எல்லாருக்கும் அண்ணன் முறையான கலந்தர் காக்கா. ஐம்பத்தொரு வயது. சாய்ந்தமருதுக் கரையில், கடலில் விட்டுக் கரையிலிருந்து கயிற்றால் இழுக்கும் கரைவலை வைத்திருந்தார். சொந்த வலை, இருபத்திரண்டு ஆட்கள். முதலாளியாக இருந்தும் கயிற்றில் தானும் ஒருவராகக் கை வைப்பார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவர், ஊர் மதிக்கிற ஆள். அவருடைய சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் குழாயில் கொதிக்க வைத்தால் செங்கல் நிறம் வரும். சீனி நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

"காலத்தால என்ன காக்கா சாப்பிடுற?"

"எல்லாரும் தின்னுறதுதான்."

"எத்தின குழல் பிட்டு?"

"எண்ணித் தின்ன நான் என்ன டிஸ்பென்சரா?"

பின்னால் நின்ற அவருடைய மனைவி சுலைஹா ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "மூண்டு குழல். ரெண்டு வாழப்பழம். சீனி ஒரு கை. மறுகா தேத்தண்ணிக்கு வேற."

"சாட்சிக்காரியக் கையோட கூட்டிக்கு வந்தது என்ட பிழ," என்றார் காக்கா. வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அரைக் குழல் குரக்கன் பிட்டு, அல்லது ஒரு கோப்பை அவித்த பயறு. மீன், கீரை எவ்வளவும். பழம் வேண்டாம், சீனி ஒரு மணியும் வேண்டாம். ராத்தா தலையாட்டவில்லை. உதட்டை அசைத்து மனதில் பதித்துக்கொண்டார். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். இப்போது கண்டால் பயப்படுவேன்.

அடுத்த கிளினிக்கில் செங்கல் நிறம். அதற்கடுத்ததிலும் செங்கல் நிறம். ராத்தா சத்தியமாக அரைக் குழல்தான் கொடுத்தேன் என்றார். மீதிக் குளிசையை நான் எண்ணினேன், கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. டொக்டர் என்ன செய்வார்? அரைக் குளிசை ஒன்றானது. ஒன்று இரண்டானது.

கணக்கு நேராகாதது எனக்கு நிம்மதி தரவில்லை. ஒரு சனிக்கிழமை மீன் வாங்கக் கரைக்குப் போனவன், வலைக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றும் உதுமானின் குடிலுக்குள் நுழைந்தேன்.

"கலந்தர் முதலாளி இஞ்ச வாறவரா?"

"வராம? விடியச் சுபஹுத் தொழுதாப்போல என்ட கடதான்."

"என்ன சாப்பிடுற?"

உதுமான் சிரித்தான். "வீட்ட மாட்டுக்கு வைக்கிறாப்போல பயறு வைக்கிறாவாம். அத ரெண்டு வாய் திண்டு போட்டு இஞ்ச வந்து நாலு சீனிப் பணிஸ், ரெண்டு பழம். தேத்தண்ணி குடிக்க உள்ளங்கையில சீனி வச்சி நக்குவார். பாவம் மனிசன், கயிறு இழுக்கிற உடம்பு."

கணக்கு நேராகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கையில் வாங்கிய மீனோடு நேராகக் காக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு பணிஸ், இரண்டு பழம், உள்ளங்கைச் சீனி என்று எண்ணியே சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் ராத்தா கரைக்கு வந்துவிட்டார். ஆண்கள் வலை இழுக்கும் கரையில் மரைக்காரின் மனைவி வந்து நிற்பது அந்த ஊரில் நடக்கிற காரியமில்லை. கடைக்கு முன்னால் நின்று, இருபத்திரண்டு பேரும் கேட்க, இவருடைய வாய்க்கு இனிச் சீனியோ பணிஸோ கொடுப்பதில்லை என்று அல்லாஹ்வின் மேல் உதுமானைச் சத்தியம் செய்ய வைத்தார். ஊர் ஒரு கிழமை இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

டொக்டரிடம் நான் சொல்லவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன் என்பேன்; அது பாதி. ஆறு கிழமையாக அந்த மனிதர் என்னை ஏமாற்றியது டொக்டருக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் மற்றப் பாதி. அடுத்த செவ்வாய் சொல்லலாம் என்றிருந்தேன். அந்தச் செவ்வாய் கரையில் மீன் பாடு அதிகம் என்று காக்கா கிளினிக்குக்கு வரவில்லை. அடுத்த இரண்டுக்கும் வரவில்லை. ஒரு மாதத்துக் குளிசை கையில் இருந்ததால் அவருக்கு அவசரமும் இல்லை.

இப்போது நிலைமையைப் பாருங்கள். பணிஸும் பழமும் சீனியும் சாப்பிடும் ஆளுக்காகக் கூட்டிய இரண்டு குளிசை. அந்த ஆள் இப்போது உண்மையாகவே அரைக் குழல் குரக்கன் பிட்டு மட்டும் சாப்பிடுகிறார். சாப்பிட்டுவிட்டுக் கயிறு இழுக்கப் போகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நான் கரைக்குப் போனேன். மீன் வாங்க என்று வீட்டில் சொன்னாலும், உதுமான் சத்தியத்தைக் காப்பாற்றுகிறானா என்று பார்ப்பதுதான் என் நோக்கம். மீன் சேரும் வலையின் மடி இன்னும் கரைக்கு வரவில்லை. ஆட்கள் கயிற்றில் நின்றார்கள், ஆனால் ஏலேலோச் சத்தம் இல்லை. எண்ணினேன். காக்காவோடு இன்னும் இருவரைக் காணவில்லை.

"முதலாளி எங்க?"

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்ட பெய்த்தார்," என்றான் ஒருவன்.

அவருடைய செருப்பு உதுமானின் கடை வாசலில் கிடந்தது. வலை வைக்கும் வாடியின் வாசலைப் பாய்ச் சீலையால் மூடியிருந்தார்கள். வாடிக்கு முன்னால் ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"உள்ளுக்குப் போகாதீங்க டிஸ்பென்சர்."

"ஏன், உடம்புக்கு வருத்தமா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "வருத்தமில்ல. குடிச்சிரிக்கார்."

"ஆரு? கலந்தர் காக்காவா?"

"மெல்லக் கதைங்க! கால் நிலைக்கிதில்ல, நாக்குப் பிரளுது. என்னப் பாத்து ஆருடா நீ எண்டு அடிக்க வாறார். பத்து வருஷமா அவர்ட கயித்துல நிக்கிறவன் நான். ஒரு மரைக்கார் குடிச்சிப்போட்டுக் கரையில விழுந்தார் எண்டு பள்ளிக்குத் தெரிஞ்சா என்னாகும்? தெளியட்டும் எண்டு படுக்க வச்சிரிக்கம்."

"எவ்வளவு நேரம்?"

"அர மணித்தியாலம் இரிக்கும்."

அவர்கள் கெட்டவர்களில்லை. முதலாளியின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். காக்கா வலைக் குவியலின் மேல் கிடந்தார். சாரனும் சட்டையும் கடலில் முக்கி எடுத்ததுபோல நனைந்திருந்தன. இன்னொருவன் அவருக்கு ஓலையால் விசிறிக்கொண்டிருந்தான். குனிந்து வாயை மணந்தேன். தினமும் மதுசாரப் போத்தலைத் திறந்து மூடுபவன் நான். அந்த வாயில் மீன் மணம்கூட இல்லை.

தோல் குளிர்ந்து கிடந்தது. விரல்கள் நடுங்கின. கூப்பிட்டால் கண் திறந்தது, ஆனால் என்னைக் காணவில்லை. நான் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. இந்த வயதுவரை நான் எண்ணியவற்றில் எண்ணியிருக்கக் கூடாதது அது ஒன்றுதான். அந்த நிமிடம் அவருக்குச் சொந்தமானது. எனக்குப் பயமாக இருந்ததால் எண்ணினேன்.

சீனி கூடி மயங்குபவரையும் கண்டிருக்கிறேன், குறைந்து மயங்குபவரையும் கண்டிருக்கிறேன். கூடினால் நாள்கணக்கில் வரும். நாக்கும் தோலும் காய்ந்துபோகும். குறைந்தால் நிமிடக்கணக்கில் வரும், வியர்வை கொட்டும். வியர்வையைக் கண்ணால் பார்த்தும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றரை மைல். நீல மருந்தும் இல்லை, குளுக்கோஸ் ஊசியும் இல்லை. கடைசியில் மனதில் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தேன். கூடித்தான் மயங்கினார் என்றால், நான் வைக்கும் இரண்டு கரண்டிச் சீனியால் பெரிதாக ஒன்றும் கெடப்போவதில்லை. குறைந்து மயங்கினார் என்றால், வைக்காவிட்டால் ஆள் இல்லை.

வெளியே ஓடினேன். "உதுமான், சீனி கொண்டா!"

"ஆருக்கு?"

"காக்காவுக்கு."

அவன் சீனிப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஏலாது டிஸ்பென்சர். அவர்ட வாய்க்குக் குடுக்க மாட்டன் எண்டு அல்லாட மேல சத்தியம் பண்ணிரிக்கன். நீங்களும் கேள்விப்பட்டிரிப்பீங்கதானே?"

"நீ அவருக்குக் குடுக்க வேணாம். எனக்குத் தா. நான் தின்னப் போறன்."

தந்தான். கையில் சீனியோடு திரும்பினால், வாடி வாசலில் சுலைஹா ராத்தா. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. உள்ளே போய்க் குனிந்து சீனியில் தண்ணீர் தெளித்த என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார்.

"என்ன தம்பி இது?"

"சீனி."

"இவருக்கா? சீனி நஞ்செண்டு சொன்னது ஆரு? செவ்வாய்க்குச் செவ்வாய் என்ட வாயாலயும் சொல்ல வச்சீங்களே!"

"காலத்தால என்ன குடுத்தீங்க ராத்தா?"

"அரக் குழல் குரக்கன் பிட்டு. நீங்க சொன்ன கணக்கு. பழமும் இல்ல, பணிஸும் இல்ல, வெறுந் தேத்தண்ணி."

"குளிச?"

"ரெண்டு. என்ட கையால குடுத்தன்." அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. நான் பழக்கிய பெருமை.

"ராத்தா, அந்த ரெண்டு குளிசயும் உதுமான்ட பணிஸுக்காகக் கூட்டினது. பணிஸ் நிண்டுட்டு, குளிச நிக்கல்ல. உடம்புல இரிந்த சீனி முழுக்கக் குறஞ்சி போச்சு. அதுதான் மயக்கம். கைய விடுங்க."

"நான் எந்தச் சொல்லக் கேக்க? கிளினிக்குல சொன்னதயா, இப்பச் சொல்றதயா?"

வாசலில் வலைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கயிற்றை யார் பிடித்திருந்தார்கள் என்று தெரியாது. அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னேன்:

"இப்பச் சொல்றத. அண்டைக்கு நான் பாதிதான் சொன்னன். பணிஸக் கண்டுபிடிச்சி உங்களுக்குச் சொன்னன், டொக்டருக்குச் சொல்லல்ல. என்ட பிழ."

ராத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிடி தளர எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் எண்ணவில்லை.

"இவருக்கு ஒண்டு நடந்தா உங்கள நான் விடமாட்டன்," என்று சொல்லிக் கையை எடுத்தார்.

அவர் காக்காவின் தலையைத் தூக்கப் போனார். வேண்டாம் என்றேன். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் இறங்கினால் சீனியே கொன்றுவிடும். இருவருமாக அவரை ஒரு பக்கமாகச் சரித்தோம். நனைந்த சீனியை விரலில் எடுத்துக் கன்னத்தின் உட்புறத்தில் தடவினேன். சிறிது சிறிதாக. விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்து, விழுங்கிய பிறகு அடுத்தது. ராத்தா ஓதிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது தரம் தடவும்போது என் விரலைக் கடித்தார். அந்தக் கடியைப்போல ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் நிலைத்தது. என்னையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். வாடியைச் சுற்றிப் பார்த்தார்.

"மடி வந்துட்டா?" என்றார்.

"மடி வந்துட்டு முதலாளி. நீங்கதான் பிந்திட்டீங்க," என்றான் வாசலில் நின்றவன். சொல்லிவிட்டு அழுதான்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்ததும் காக்கா வலைக்குப் போக வேண்டும் என்றார். நான் விடவில்லை. அந்தக் குளிசை ஒரு மணித்தியாலத்தோடு ஓய்வதில்லை. பின்னேரம்வரை உள்ளே வேலை செய்யும். பழமும் பாணும் சாப்பிட வைத்து, மீன் ஏற்ற வந்த லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினோம். ராத்தா சீனிப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் காக்காவின் நெற்றியில் மறுபடி வியர்வை துளிர்த்தது. நான் வாய் திறக்குமுன் ராத்தா சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கையில் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

வாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கடையிலை பணிஸ் சாப்பிட்டது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மூண்டு கிழம சேர்."

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"அவர்ட பொஞ்சாதிக்கு."

பேனையை மூடி மேசையில் வைத்தார். "ஆறு கிழமையா நான் அந்தாளுக்குக் குளிசை எழுதேல்லை. உதுமான்ரை கடைக்குத்தான் எழுதியிருக்கிறன்," என்றார். "அதை எனக்குச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்." குரல் உயரவில்லை. ஏசியிருந்தால் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

சொன்னதைக் கேட்காத நோயாளியைப் பற்றிக் கவலைப்பட நமக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர் கேட்கத் தொடங்கும் நாளில்தான் நீங்கள் டொக்டரிடம் ஓட வேண்டும். குரக்கனும் பயறும் நல்ல சாப்பாடுதான், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் குளிசை எடுப்பவரின் கோப்பையில் எதைக் குறைத்தோம் என்று மட்டும் பார்க்காதீர்கள். மிச்சம் என்ன இருக்கிறது, அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் என்ன வேலைக்குப் போகிறார், சீனி குறைந்தால் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். சீனி நஞ்சு என்று அறுபது பேரை ஓதவைத்த வாயால், மயக்கம் வந்தால் சீனிதான் மருந்து என்று நான் ஒரு தரமும் சொல்லியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் வாட்டுக்குப் போனேன். காக்கா தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு ஒழுங்காக வந்தது. ராத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"நாளைக்குக் காலத்தால இவருக்கு நான் என்ன குடுக்க?"

இந்தக் கேள்விக்கு நான் அதுவரை ஒருவரையும் காக்க வைத்ததில்லை. எல்லாருக்கும் கொப்பியில் பதில் இருந்தது.

"டொக்டரிட்டக் கேட்டுப்போட்டு வந்து சொல்றன் ராத்தா. நீங்க இரிங்க."

அவர் இருக்கவில்லை. எனக்குப் பின்னாலேயே வாட்டு வாசல்வரை வந்து, நான் நடைபாதையைக் கடந்து டொக்டரின் அறைக்குள் உண்மையாகவே போகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.